பேரைச் சொல்வது யார்? சங்க நிர்வாகத் தெரிவுக்கு எந்த முறை சரிவரும்

போன தை மாதம் எங்கள் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் அறிக்கை 40 நிமிடம் ஓடியது. கணக்கறிக்கை 25 நிமிடம். அதில் பாதிக்கு மேல் வாடகைக் கதிரைக்குக் கொடுத்த காசைப் பற்றிய தர்க்கம். தேத்தண்ணிக்கும் வடைக்கும் 20 நிமிடம். புதிய நிர்வாகத் தெரிவு மட்டும் 4 நிமிடத்தில் முடிந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "பழைய ஆக்கள் நல்லாத்தானே செய்யிறாங்க, அவங்களே இருக்கட்டும்" என்றார். "ஆமோதிக்கிறன்" என்றார் இன்னொருவர். கைதட்டல். கூட்டறிக்கையில் 'ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டனர்' என்று எழுதினோம். எழுதியவன் நான்தான்.

கூட்டம் முடிந்து பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது மூதூரிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி சொன்னார்: "நான் ஒரு பேர் சொல்லத்தான் வந்தனான் அண்ணன். எழும்ப முதல் முடிஞ்சிட்டுது."

இப்போது சங்கத்தின் யாப்பை, அதாவது அமைப்பு விதிகளை, திருத்தப் போகிறோம். நிர்வாகத் தெரிவு பற்றி எங்கள் யாப்பில் இருப்பது ஒரே ஒரு வரி: பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் தெரிவு செய்யப்படும். எப்படி என்று ஒரு சொல்லும் இல்லை. என்னென்ன வழிகள் உண்டு, எது எங்களுக்குப் பொருந்தும் என்று எழுதித் தரும்படி நிர்வாகசபை கேட்டது. எழுத உட்கார்ந்தபோது, இது எங்கள் ஒரு சங்கத்தின் கதை இல்லை என்று பட்டது. திருமலையில் (திருகோணமலையில்) கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, விளையாட்டுக் கழகம் என்று நான் போய் இருந்த கூட்டங்கள் பலவற்றிலும் இதே 4 நிமிடம்தான்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிவு என்றதும் நாங்கள் சண்டை பிடிப்பது வாக்கெடுப்பைப் பற்றி. கையுயர்த்துவதா, இரகசியச் சீட்டா என்று. ஆனால் மேசைக்கு ஒரே ஒரு பேர் வந்தால் கையும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். யாருடைய பேர் வருகிறது, அதைச் சொல்வது யார் என்பதிலேயே விஷயம் முக்கால்வாசி முடிந்துபோகிறது. அதனால் கீழே பேர் சொல்லும் கட்டத்துக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கூட்ட விதிகளைத் தேடுபவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஹென்றி மார்ட்டின் ரொபர்ட் என்ற அமெரிக்க இராணுவப் பொறியியலாளரின் புத்தகம். 1863இல் நியூ பெட்ஃபர்ட் நகரில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்களாம். கூட்டம் நடத்தத் தெரியாமல் பட்ட வெட்கத்தில் படிக்கத் தொடங்கி, 1876இல் புத்தகம் போட்டார். அவர் 1923இல் காலமான பிறகும் அது திருத்தப்பட்டுக்கொண்டே வந்து, 2020இல் 12ஆம் பதிப்பு வந்தது. நம் நாட்டில் அது சட்டமல்ல. ஒரு சங்கம் தன் யாப்பில் ஏற்றுக்கொண்டால்தான் அந்தச் சங்கத்தைக் கட்டுப்படுத்தும், அப்போதும் யாப்பில் எழுதியிருப்பதுதான் முதலில். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல். அடிக்கடி அதைத் தொட்டுக்கொள்வேன்.

சரி, முதல் வழி, நாங்கள் எல்லோரும் பழகியது: கூட்டத்திலேயே எழுந்து பேர் சொல்வது. செலவில்லை, கடதாசி இல்லை, முன்கூட்டித் திட்டம் போடத் தேவையில்லை. வந்திருக்கும் எந்த அங்கத்தவரும் சொல்லலாம். இருபது முப்பது பேர் கொண்ட விளையாட்டுக் கழகத்துக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஆளுக்கு ஆள் தெரியும், மனதில் இருப்பதை மைதானத்திலேயே சொல்லிப் பழகியவர்கள்.

பிரச்சினை, ஆட்கள் வயதிலும் உறவிலும் மரியாதையிலும் பின்னிக்கிடக்கும் சங்கங்களில். எங்கள் ஊரில் "தலைவராக வர எனக்கு விருப்பம்" என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் பதவி ஆசை பிடித்தவன் என்ற பேர் சாகும்வரை போகாது. எனவே பேர் சொல்லப்பட்டவர் முதலில் மறுக்க வேண்டும். இரண்டாம் முறையும் மறுக்க வேண்டும். மூன்றாம் முறை, "சரி, எல்லாரும் சொல்லுறீங்கள் எண்டா..." என்று இழுக்க வேண்டும். இது ஒரு அழகான நாடகம்தான், ஒரு பேர் மட்டும் இருக்கும்வரை. இரண்டாவது பேரை ஒருவர் சொன்னால் அது முதல் ஆளுக்குச் செய்த அவமரியாதையாகிவிடுகிறது. முதல் ஆள் படிப்பித்த மாஸ்டராக இருப்பார், அல்லது பெரியப்பா முறையாக இருப்பார். அவர் முன்வரிசையில் இருக்க, பின்னால் எழுந்து இன்னொருவர் பேரைச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

இன்னொரு சிக்கல், மறுப்பு உண்மையா, மரியாதையா என்று தலைமை தாங்குபவருக்குத் தெரியாது. ஒரு மாதர் சங்கத்தில் தெரிவை நடத்தித் தரும்படி என்னைத் தற்காலிகத் தலைவராக இருத்தினார்கள். ஒரு ரீச்சர் இரண்டு தரம் வேண்டாம் என்றார். நான் உண்மை என்று நம்பி அடுத்த பேருக்குப் போய்விட்டேன். ரீச்சர் ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை.

இந்த முறையையே வைத்துக்கொள்வதானால் மூன்று திருத்தங்கள் போதும். ஒன்று, 'பழைய நிர்வாகமே தொடரட்டும்' என்று மொத்தமாகச் சொல்லும் பிரேரணையை ஏற்கக் கூடாது. பதவி பதவியாகத்தான் பேர் கேட்க வேண்டும். பழைய ஆட்கள் திரும்ப வருவதில் குறை ஒன்றுமில்லை, தனித்தனியாக வரட்டும். இரண்டு, "வேறு பேர் உண்டா இல்லையா சரி" என்று ஒரே மூச்சில் முடிக்கக் கூடாது. ரொபர்ட்டின் விதிப்படி, பேர் சொல்லுவதை நிறுத்துவதற்கு ஒரு பிரேரணை வந்தால் அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், மீண்டும் திறப்பதற்குப் பெரும்பான்மை போதும். மூடுவது கடினமாகவும் திறப்பது இலகுவாகவும் இருக்கட்டும் என்பதே அதன் நோக்கம். மூன்று, ஆமோதிப்பு தேவையில்லை. இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் திடுக்கிடுவார்கள், பிரேரித்தவர் இன்னார், ஆமோதித்தவர் இன்னார் என்று எழுதாத கூட்டறிக்கையை அவர்கள் கண்டதே இல்லை. ஆனால் ஒரு பேர் சொல்ல ஒரு துணிந்தவரைத் தேடுவதே பாடாக இருக்கும் இடத்தில் ஏன் இரண்டு பேரைக் கேட்க வேண்டும்? ரொபர்ட் கேட்கவில்லை.

இவ்வளவும் செய்தாலும் மூதூர்த் தம்பியின் பிரச்சினை முழுதாகத் தீராது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பக்கத்துப் போக்குவரத்து எவ்வளவோ மேல்தான். என்றாலும் பின்னேரம் ஐந்து மணி தாண்டினால் வெளியூர்க்காரரின் கண் கைக்கடிகாரத்தில். நிகழ்ச்சி நிரலில் தெரிவு எப்போதும் கடைசியில். அப்போது மண்டபத்தில் மிஞ்சியிருப்பது நகருக்குள் உவர்மலையிலும் மடத்தடியிலும் வீடு உள்ளவர்கள். சங்கம் மாவட்டத்துக்கு, நிர்வாகம் நகரத்துக்கு என்று ஆகிவிடுவது இப்படித்தான். யாரும் சதி செய்வதில்லை.

இரண்டாவது வழி, தெரிவுக்குழு. பொதுக்கூட்டத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மூன்று அல்லது ஐந்து பேரைப் போட்டு, ஒவ்வொரு பதவிக்கும் பொருத்தமானவரைத் தேடி, அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டு, சம்மதம் வாங்கி, ஒரு பட்டியலோடு கூட்டத்துக்கு வரச் செய்வது. நாடகத்துக்கு இடமில்லை, மூன்று தரம் மறுப்பதெல்லாம் வீட்டு விறாந்தையிலேயே முடிந்துவிடும். பொருளாளர் பதவிக்கு ஆள் கிடைக்காத சங்கங்கள்தான் அதிகம், அவற்றுக்கு இது வரப்பிரசாதம். கணக்குத் தெரிந்த, ஓய்வு பெற்ற ஒரு வங்கி உத்தியோகத்தரைக் கூட்டத்தில் வைத்துப் பேர் சொன்னால் தலையை ஆட்டி மறுத்துவிடுவார். வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துக் கேட்டால் சம்மதிப்பார்.

ஆனால் எனக்கு இந்த வழியில் ஒரு பயம் உண்டு. குழுவைப் போடுவது யார்? தலைவர் போட்டால் அது தலைவரின் குழு. இங்கே ரொபர்ட் கறாராகவே இருக்கிறார்: தலைவர் அந்தக் குழுவை நியமிக்கவும் கூடாது, பதவி வழியாக அதில் இருக்கவும் கூடாது. குழு தன் பட்டியலை வாசித்த பிறகு சபையிலிருந்து மேலும் பேர் சொல்ல இடம் விட வேண்டும் என்பதும் அவரது விதி. எங்கள் ஊரில் இரண்டாவது விதி கடதாசியில் மட்டுமே இருக்கும். ஐந்து பெரியவர்கள் இரண்டு மாதம் ஆராய்ந்து கொண்டுவந்த பட்டியலுக்கு எதிராக எழுந்து இன்னொரு பேர் சொல்வது, முன்பு சொன்ன அவமரியாதையின் ஐந்து மடங்கு. குழுவின் பட்டியல் அப்படியே கைதட்டலோடு நிறைவேறும். 4 நிமிடம் 2 நிமிடமாகும்.

அதனால் என் கணக்கு இது: ஆள் கிடைக்காத சங்கத்துக்குத் தெரிவுக்குழு மருந்து. ஒரே ஆட்கள் பத்து வருடமாக இருக்கும் சங்கத்துக்கு அதுவே நோயை வளர்க்கும். எங்கள் சங்கம் இரண்டாவது வகை. பேர் சொல்ல வேண்டாம், எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது வழி, முன்கூட்டியே எழுத்தில் வேட்புமனு. கூட்ட அறிவித்தலோடு ஒரு படிவம் போகும். பதவி, பிரேரிக்கப்படுபவர் பேர், அவரது சம்மதக் கையொப்பம், பிரேரிப்பவர் கையொப்பம். கூட்டத்துக்கு 7 நாள் முன்பு முடிவுத் திகதி. வந்த பேர்களை எல்லோருக்கும் அறிவித்துவிட்டு, கூட்டத்தன்று வாக்கெடுப்பு மட்டும். பேர் கேட்பதையும் வாக்கெடுப்பையும் வேறு வேறு நாளில் வைப்பது நாங்கள் கண்ட விஷயம்தான். 2022 ஜூலையில் நாடாளுமன்றம் ஜனாதிபதியைத் தெரிவு செய்தபோது 19ஆம் திகதி பேர்களைப் பிரேரித்து ஆமோதித்தார்கள். மறுநாள் இரகசிய வாக்கெடுப்பு. ரணில் விக்கிரமசிங்க 134, டலஸ் அழகப்பெரும 82, அநுர குமார திசாநாயக்க 3, செல்லாதவை 4. இடையில் கிடைத்த ஒரு இரவில் எத்தனை தொலைபேசி அழைப்புகள் போயிருக்கும் என்பது வேறு கதை. ஆனால் யார் யார் போட்டி என்று தெரிந்துகொண்டே வாக்களிக்க வந்தார்கள்.

மூதூர், குச்சவெளி, தம்பலகாமம் என்று பரந்து கிடக்கும் எங்களைப் போன்ற சங்கத்துக்கு இதன் பெரிய நன்மை, பேர் சொல்வதற்குக் கூட்டத்துக்கு வரவே தேவையில்லை. படிவத்தை வாட்சப்பில் படம் பிடித்து அனுப்பலாம் என்று யாப்பில் ஒரு வரி போட்டால் போதும். எழுந்து நின்று குரல் கொடுக்க வேண்டியதும் இல்லை. சம்மதம் கையொப்பத்தோடு வருவதால் மறுப்பு நாடகமும் இல்லை.

தீமையும் உண்டு. படிவங்கள் செயலாளரின் மேசைக்கு வருகின்றன, அந்தச் செயலாளரே மீண்டும் போட்டியிடுபவராக இருக்கலாம். 'இவருக்குச் சந்தா நிலுவை', 'கையொப்பம் சரியில்லை', 'ஒரு நாள் பிந்திவிட்டது' என்று படிவத்தைத் தள்ளிவைக்க ஆயிரம் வழி. இதற்கு மாற்று, போட்டியிடாத ஒருவரைத் தெரிவு அலுவலராக முதலே போடுவது. நிலுவைப் பட்டியலையும் படிவத்தோடு சேர்த்தே வெளியிட வேண்டும். சந்தா கட்டாதவர் முடிவுத் திகதிக்குள் கட்டிவிட்டால் ஏற்க வேண்டும். சங்கத்தின் நோக்கம் ஆளைத் தடுப்பதா, சேர்ப்பதா? இன்னொரு தீமை, ஏதாவது ஒரு பதவிக்குப் படிவம் வராமலே போகலாம். அப்படியான பதவிக்கு மட்டும் கூட்டத்தில் பேர் கேட்கலாம் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது ஒன்று உண்டு. இங்கே யாரும் செய்து நான் காணவில்லை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. ரொபர்ட்டின் புத்தகத்தில் பேர் சொல்லும் வழிகளில் ஒன்றாகவே இருக்கிறது: பேர் சொல்வதையே சீட்டில் செய்வது. ஆளுக்கு ஒரு துண்டுக் கடதாசி. தலைவராக யார் வந்தால் நல்லது என்று அவரவர் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். எண்ணி, எந்தப் பேருக்கு எத்தனை சீட்டு என்று பலகையில் எழுதுவார்கள். இது தெரிவு அல்ல, பேர் சொல்லல் மட்டும். அதன் பிறகுதான் உண்மையான வாக்கெடுப்பு. யார் யாருடைய பேரைச் சொன்னார் என்று தெரியாததால் பெரியப்பா கோபிக்க முடியாது. 'வேண்டாம்' என்பவர் பலகையில் தன் பேருக்கு எதிரே 19 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு மறுப்பது வேறு, ஒருவர் மட்டும் சொல்லி மறுப்பது வேறு. குறை என்று சொன்னால், நேரம் எடுக்கும். ஒரு பதவிக்குப் பதினைந்து நிமிடம் பிடிக்கலாம். தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றுக்கும் செய்தால் முக்கால் மணித்தியாலம். கதிரை வாடகையைப் பற்றி 15 நிமிடம் கதைக்கும் சங்கத்துக்கு இது பெரிய நேரமா என்று கேட்டால் பதில் இல்லை.

இனி வாக்கெடுப்பு. கையா, சீட்டா? கையுயர்த்துவது வெளிப்படையானது, பயப்படாமல் உயர்த்த வேண்டியதுதானே என்று சொல்பவர்கள் உண்டு. 2025 ஜூன் 16 அன்று கொழும்பு மாநகர மேயர் தெரிவிலும் முதலில் நடந்த தர்க்கம் இதுதான், பகிரங்கமா இரகசியமா என்று. இரகசிய வாக்கெடுப்பில் 61க்கு 54 என்று முடிந்தது. மாநகர சபை உறுப்பினர் தன் வாக்காளருக்கும் கட்சிக்கும் பதில் சொல்ல வேண்டியவர், அதனால் பகிரங்கமாக இருக்கட்டும் என்ற வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. சங்கத்தின் சாதாரண அங்கத்தவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அல்ல. அவர் தன் வாக்கைத் தானே போடுகிறார். எனவே போட்டி என்று வந்தால் சீட்டு. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. யாப்பில் 'சீட்டு' என்று எழுதிவிட்டால் பிறகு கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்தாலும் அதைக் கைவிட முடியாது என்பது ரொபர்ட்டின் விதி. 'சீட்டு வேண்டாம்' என்ற பிரேரணையை எதிர்த்துக் கை உயர்த்துபவர் தன்னைக் காட்டிக்கொடுக்கிறாரே என்பது காரணம். சின்ன விஷயம்போல் இருக்கும், யோசித்தால் ஆழம் தெரியும்.

திருமலையில் சீட்டுப் போட்ட ஒரு தெரிவை நாடே பார்த்தது. 2024 ஜனவரி 21இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தலைவர் தெரிவு இங்கேதான் நடந்தது. சிவஞானம் சிறீதரனுக்கு 184, எம். ஏ. சுமந்திரனுக்கு 137. 1949இல் தொடங்கிய கட்சியில் தலைவர் பதவிக்கு வாக்கெடுப்பு நடந்தது அதுவே முதல்முறை என்று பத்திரிகைகள் எழுதின. அன்று மாலை யாரும் எண்ணிக்கையை மறுக்கவில்லை. சர்ச்சை கிளம்பியது அடுத்த வாரம், செயலாளர் முதலிய மற்றப் பதவிகளில். மாநாடு தள்ளிப்போனது. தெரிவு யாப்பின்படி நடந்ததா என்ற கேள்வி திருகோணமலை மாவட்ட நீதிமன்றம் வரை போனது. யார் பக்கம் சரி என்பது என் வேலையல்ல. தலைவர் பதவிக்கு முறையை ஒழுங்காக வகுத்துவிட்டு மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் எந்தச் சங்கமும் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

மூவர் போட்டியிட்டால் என்ன செய்வது என்று எங்கள் ஊர்ச் சங்க யாப்புகள் அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை. கூடிய வாக்கு எடுத்தவர் வென்றார் என்று விட்டுவிடுகிறோம். எங்கள் கூட்டத்துக்கு வழக்கமாக வருபவர்கள் அறுபது பேர் அளவில். 61 செல்லுபடியான சீட்டு என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு 26, இரண்டாமவருக்கு 20, மூன்றாமவருக்கு 15. கூடிய வாக்கு என்றால் 26 எடுத்தவர் தலைவர். ஆனால் 35 பேர் அவரை வேண்டாம் என்றிருக்கிறார்கள். பெரும்பான்மை வேண்டும் என்றால் 31 தேவை. மூன்றாமவரை நீக்கி இருவருக்கிடையில் இரண்டாம் சுற்று வைத்தால், அந்த 15 பேரில் 11 பேர் இரண்டாமவர் பக்கம் போனால் அவர் 31 எடுத்து வென்றுவிடுவார். ஒரே சபை, ஒரே ஆட்கள், எண்ணும் விதி மாறினால் தலைவரும் மாறுகிறார். ரொபர்ட்டின் வழி பெரும்பான்மைதான். வெற்றுச் சீட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அவர் குறைந்த வாக்கு எடுத்தவரைத் தானாக நீக்குவதும் இல்லை, பெரும்பான்மை வரும்வரை திரும்பத் திரும்ப வாக்கெடுக்கச் சொல்கிறார். அதற்குக் கடைசி பஸ் இடம் தராது. கடைசி ஆளை நீக்குவது என்று யாப்பில் எழுதிவிடுவது எங்களுக்கு நல்லது.

இரண்டாம் சுற்றுக்குப் பதிலாக, ஒரே சீட்டில் 1, 2, 3 என்று விருப்பு வாக்கு அடையாளமிடும் வழியும் உண்டு. எங்கள் ஜனாதிபதித் தேர்தலில் அது இருக்கிறது. 2024 செப்டம்பர் 21 தேர்தலில்தான் முதன்முறையாக இரண்டாவது எண்ணிக்கை வரை போனது. முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க 42.31 வீதம். அவரையும் சஜித் பிரேமதாசவையும் தவிர மற்றவர்கள் எடுத்த வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து இருவருக்கும் போய்ச் சேர்ந்த விருப்பு வாக்குகள் 105,264 உம் 167,867 உம்தான். மற்றவர்கள் இரண்டாவது விருப்பம் போடவில்லை, போட்டாலும் இந்த இருவருக்குப் போடவில்லை. 1981ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கும் வழி, நாற்பது வருடம் கழித்தும் கைவரவில்லை. அறுபது பேரும் ஒரே மண்டபத்தில் இருக்கும்போது எதற்கு இந்தத் தலையிடி? பெட்டியைத் திறந்து, எண்ணி, இன்னொரு முறை போடச் சொன்னால் பத்து நிமிடம். தபாலில் வாக்களிக்கும் சங்கங்களுக்கு, வெளிநாட்டுக் கிளைகள் உள்ள பழைய மாணவர் சங்கங்களுக்கு, விருப்பு வாக்கு பொருந்தும்.

சமன் வந்தால் இன்னொரு சுற்று, அதிலும் சமன் என்றால் திருவுளச்சீட்டு. சீட்டுக் குலுக்குவதைக் கேவலம் என்று நினைப்பவர்கள் தமிழ்நாட்டு உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைத்துக்கொள்ளலாம். முதலாம் பராந்தக சோழன் காலம், 919உம் 921உம். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்கக் குடும்பு (ஊர்ப் பிரிவு) வாரியாகப் பேர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுபிள்ளையைக் கொண்டு எடுக்க வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது குடம் அல்ல, தகுதி விதிகள்: கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் பேர் ஓலையில் வரக் கூடாது. கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது, அவருடைய உறவினரும் வரக் கூடாது. எங்கள் யாப்பில் இரண்டாவதையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை. உறவினர் விதியைப் போட்டால் திருமலையில் நிர்வாகசபைக்கு ஆளே மிஞ்சாது.

எல்லாப் பதவிக்கும் ஒரே சீட்டா, ஒவ்வொன்றாகவா? ஒரே சீட்டு என்றால் கால் மணித்தியாலத்தில் முடியும். ஆனால் தலைவருக்குப் போட்டியிட்டுத் தோற்ற நல்ல வேலைக்காரர் அந்த வருடம் சங்கத்துக்கே இல்லாமல் போவார். ஒவ்வொன்றாகச் செய்தால் அவரைச் செயலாளருக்குக் கேட்கலாம். அவர் முகத்தை முறித்துக்கொண்டு வெளியே போகாமல் இருந்தால். நான் சொல்வது: முதல் மூன்று பதவியும் தனித்தனியாக, நிர்வாகசபை உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே சீட்டில், கூடிய வாக்கு எடுத்தவர்கள் வரிசைப்படி.

ஒரு அனுபவத்தைச் சொல்லாமல் விட முடியாது. தெரிவுக்கு முதல் பழைய நிர்வாகத்தைக் 'கலைத்து', தற்காலிகத் தலைவரை இருத்துவது எங்கள் வழக்கம். போட்டியிடுபவரே தலைமை தாங்குவதில் ரொபர்ட் குறை காண்பதில்லை. எனக்கு எங்கள் வழக்கமே பிடிக்கும். ஆனால் ஒரு மார்கழியில், நான் இருந்த இன்னொரு சங்கத்தில், நிர்வாகத்தைக் கலைத்த கையோடு மழை கொட்டத் தொடங்கியது. வெள்ளம் வீதிக்கு வரும் என்று ஆட்கள் கலைந்தார்கள், கோரம் (கூட்டம் செல்லுபடியாக இருக்க வேண்டிய ஆகக் குறைந்த ஆட்தொகை) போய்விட்டது, தெரிவு நடக்கவில்லை. பழைய நிர்வாகம் இல்லை, புதியது இல்லை. வங்கியில் கையொப்பமிட யாருக்கும் அதிகாரம் இல்லாமல் மூன்று மாதம் ஒரு சதம் எடுக்க முடியவில்லை. முன்பள்ளி ரீச்சருக்குச் சம்பளத்தைத் தலைவராக இருந்தவர் தன் பையிலிருந்து கொடுத்தார். பதவிக்காலம் 'ஒரு வருடம், அடுத்தவர் தெரிவாகும் வரை' என்று யாப்பில் ஒரு துண்டு வசனம் இருந்திருந்தால் இது நடந்திராது. மீனவர் சங்கங்களுக்கு வேறு வழியில்லை. வாடைக்காற்றில் கடல் குழம்பி வள்ளங்கள் கரையில் கிடக்கும் மாதங்களில்தான் ஆட்கள் கூடுவார்கள். அப்படியானால் நிகழ்ச்சி நிரலில் தெரிவை அறிக்கைகளுக்கு அடுத்ததாக மேலே கொண்டுவர வேண்டும். வடை பிறகு.

எங்கள் சங்கத்துக்கு என் சிபாரிசு: எழுத்தில் வேட்புமனு, 7 நாள் முன் முடிவு, போட்டியிடாத தெரிவு அலுவலர். தலைவர் பதவிக்கு ஒரு மனு மட்டுமே வந்திருந்தால், கூட்டத்தில் அந்தத் துண்டுக் கடதாசி முறையில் ஒரு தடவை பேர் கேட்பது. அதிலும் வேறு பேர் வராவிட்டால் போட்டியின்றித் தெரிவு, 'ஏகமனதாக' என்ற சொல்லைக் கூட்டறிக்கையில் எழுதாமல். போட்டி என்றால் சீட்டு, பெரும்பான்மை, தேவையானால் இரண்டாம் சுற்று. சிறிய கழகங்கள் இதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம், கூட்டத்தில் பதவி பதவியாகப் பேர் கேட்டாலே போதும். ஆள் கிடைக்காமல் தவிக்கும் சங்கங்கள் தெரிவுக்குழுவுக்குப் போகலாம், தலைவர் அதில் இல்லாமல். கூட்டுறவுச் சங்கமோ தொழிற்சங்கமோ என்றால் அவற்றுக்கென்று சட்டமும் பதிவாளரும் உண்டு, முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

யாப்புத் திருத்தத்துக்கு 14 நாள் முன்னறிவித்தல் கொடுத்தாயிற்று. வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். அந்த வாக்கெடுப்பு எப்படி என்பதை மட்டும் பழைய யாப்பு தெளிவாகவே சொல்லியிருக்கிறது: கையுயர்த்தி. முன்வரிசையில் அன்று யார் யார் இருப்பார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும். மூதூர்த் தம்பியை நேரத்தோடு வரச் சொல்லியிருக்கிறேன்.